கடைசிவரை திருகியது நான்தான்

இன்று காலை என் மெக்கானிக் ஷெட்டுக்கு வந்த ஒருவர் சின்னப் பொட்டலத்தைப் பிரித்து என் உள்ளங்கையில் வைத்தார். கட்டைவிரல் அளவு பித்தளை, முனையில் ஒரு திருகு. பூஸ்ட் கன்ட்ரோலர். "டர்போ வண்டிங்க. மாட்டிக் குடுத்துடுங்க, ஜல்தியா போவணும்" என்றார். வாங்கிய வேகத்தில் அதைத் தூக்கி எறிந்தேன். சுவரில் பட்டுத் தெறித்து டியூப் லைட் ஒன்று நொறுங்கியது. "இன்னாங்க, ஒரே பேஜாரா இருக்குது உங்களோட" என்று அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நீ போய் இருபது நாள்தான் ஆகிறது. அவருக்கு அது எப்படித் தெரியும்?

உன் டீசல் வண்டிக்கும் இதைத்தான் மாட்டினேன். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தாய். மேம்பாலம் ஏறும்போது பஸ்காரன் முந்திப் போகிறான் என்று உனக்கு ரோஷம். இந்தத் திருகை இறுக்க இறுக்க டர்போ என்ஜினுக்குள் காற்றைக் கூடுதலாகத் திணிக்கும், வண்டி பாயும். அளவு மீறினால் டர்போவே உடையும். அதனால் கால் சுற்றுதான் திருக வேண்டும்; ஓட்டிப் பார்த்து, மீட்டர் முள்ளைக் கவனித்து, அப்புறம்தான் அடுத்த கால் சுற்று. மூன்று முறை அப்படிச் செய்துவிட்டுப் போதும் என்றேன்.

"இன்னும் இழுக்கலடா மச்சான். உனக்குப் பயம். ஸ்பேனர் புடிக்கிற கையா இது?" என்றாய்.

எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது என்பது உனக்குத் தெரியாததா? காலரைப் பிடித்து உன்னைச் சுவரில் இடித்தேன். நீ என் வயிற்றில் குத்தினாய். உதடு கிழிந்து ரத்தம் வழிய நீ சிரித்தாய் பார், அதைத்தான் தாங்க முடியவில்லை. குனிந்து, திருகு நிற்கும்வரை இறுக்கினேன். "இந்தா, போய்ச் சாவு" என்றேன். ஐந்தாவது நிமிஷம் இருவரும் அதே வண்டியில் விழுப்புரம் ரோட்டில் பறந்துகொண்டிருந்தோம். நம் சண்டைகளின் லட்சணம் அப்படி.

அன்றைக்கே விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில் நின்றபோது நீ ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாய். என்ஜின் அடங்கவில்லை. பின்னால் வெள்ளைப் புகை கிளம்பியது. சாவியைத் திருப்பி அணைத்தாய், அப்போதும் அலறியது. டர்போ உடைந்து, அதிலிருந்து கசிந்த ஆயிலையே குடித்து என்ஜின் தானாக ஓடிக்கொண்டிருந்தது. கியரில் போட்டுத் திணறடித்து நிறுத்தலாம். ஆனால் முன்னால் ஒரு முழம் தள்ளிக் கல்யாண வேன் நின்றது, உள்ளே பெண்களும் குழந்தைகளும். அந்த என்ஜின் எந்த நொடியும் சிதறும் என்று எனக்குத் தெரியும், நான் மெக்கானிக். கதவைத் திறந்து ஓடினேன். தடுப்புச் சுவரைத் தாண்டிக் குதித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

நீ பானெட்டைத் திறந்து, காற்றுக் குழாயைப் பிடுங்கிவிட்டு, துணி சுற்றிய வலது கையால் டர்போவின் வாயை அடைத்துக்கொண்டிருந்தாய். காற்று போகாவிட்டால் என்ஜின் நின்றுவிடும் என்று என்றைக்கோ உனக்குச் சொன்னவனும் நான்தான். உள்ளே சுழன்ற சக்கரம் துணியை இழுத்தது, மூன்று விரல்களையும் இழுத்தது. நீ கையை எடுக்கவில்லை. என்ஜின் நின்ற பிறகு உன் அலறல்தான் வரிசை முழுக்கக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு, "நான்தான் திருகிக்கினேன்னு சொல்லிடறேன். இல்லன்னா உன் ஷெட்டாண்ட எவனும் வரமாட்டான்டா" என்றாய். நான் தலையாட்டினேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. த்தூ, நானெல்லாம் ஒரு கோபக்காரன்!

அதற்கப்புறம் நீ ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஆறு வருஷம் கடலை மூட்டை அடுக்கிய மல்லாட்டை குடோனில் வாட்ச்மேன் வேலை. உன் வீட்டில் சாப்பிட உட்காரும்போதெல்லாம் உன் மனைவி ஆரம்பித்துவிடுவாள். "திமிரு புடிச்ச கை, அதான் போச்சு." நீ இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டு என் பக்கம் பார்க்காமலே இருப்பாய். நான் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொள்வேன்.

நெஞ்சு வலி என்று படுத்த நீ எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்தில் யாரோ உன் கையைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். "அவுரா தேடிக்கினதுதான் அது" என்றாள் உன் மனைவி. பந்தியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"அவன் இல்லம்மா. கடைசிவரைக்கும் திருகினது நான். அவன வுட்டுட்டு ஓடினதும் நான்தான்."

அவள் எழுந்து வந்து அறைந்தாள். ஓர் அறையோடு விடவில்லை. கன்னத்தில், காதில், நெஞ்சில், கை வலிக்கும்வரை அடித்தாள்.

"ஆறு வருஷம்ண்ணா! சோறு போடும்போதெல்லாம் திட்டினேனே அவுர. ஒரு வார்த்தை வாயத் தெறக்கலியே அந்த மனுஷன். இப்ப நான் யாராண்ட போய் மன்னிப்பு கேப்பேன்?"

யாரும் அவளைத் தடுக்கவில்லை. நானும் கையைத் தூக்கவில்லை. இடது காது இன்னும் இரைகிறது. டாக்டரிடம் காட்டச் சொல்கிறார்கள், காட்டப் போவதில்லை. அந்த வீட்டில் இனி உன்னை யாரும் திட்டமாட்டார்கள் மச்சான். அவ்வளவும் என் பேருக்கு மாறிவிட்டது.