கழுத்தில் இறங்கிய வியர்வைச் சொட்டு மீதான விசாரணை

அனுப்புநர்:
ச. ஆதிலட்சுமி (வயது 38),
க/பெ. சகாதேவன்,
மேட்டுத் தெரு, திருவண்ணாமலை.

பெறுநர்:
உயர்திரு வருவாய்க் கோட்டாட்சியர் அவர்கள்,
திருவண்ணாமலை, வட ஆற்காடு மாவட்டம்.

பொருள்: எங்கள் வீடியோ கேசட்டை ஐந்து மாதங்களாக விசாரணையின் பேரில் பார்த்து வருவது – வரும் வெள்ளிக்கிழமை அதை அழிக்கவிருப்பதைத் தடுத்து, திரும்பப் பெற்றுத் தரக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் பதினாறு ஆண்டுகளாகத் தட்டச்சுப் பயிற்றுநராக இருப்பவள். இந்நகர மக்களின் எத்தனையோ மனுக்களைத் தங்கள் அலுவலகத்துக்கு அடித்துக் கொடுத்திருக்கிறேன். எனக்காக அடிக்கும் முதல் மனு இது. பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. எனக்குக் கவிதை எழுதும் வழக்கம் உண்டு. என் தோழி வேதா, அடி அண்ணாமலையைச் சேர்ந்தவர், கல்யாண வீடுகளில் வீடியோ எடுப்பவர். தலை குனிந்த பெண்களையே எடுத்து எடுத்து அலுத்துவிட்டது, வேறு ஏதாவது எடுக்க வேண்டும் என்று சென்ற ஆண்டு அவர் என்னிடம் கூறினார். இருவரும் சேர்ந்து இருபத்திரண்டு நிமிடப் படம் ஒன்று எடுத்தோம். அதில் கதை இல்லை, பாட்டு இல்லை. கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை காயும் களத்தில் வெயிலில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் கழுத்து மட்டும் நான்கு நிமிடம் வருகிறது. கழுத்து என்னுடையது. அதில் ஒரு வியர்வைச் சொட்டு இறங்குகிறது. என் குரல் பின்வரும் வரிகளை வாசிக்கிறது:

“இறங்கும் சொட்டை நான் துடைக்கவில்லை.
அதற்கு வழி தெரியும்.
இன்னும் இறங்கட்டும்,
எனக்கு வேண்டும்.”

கடைசி மூன்று நிமிடம் திரை கருப்பாக இருக்கும். குரல் மட்டும் கேட்கும். ஒரு பெண் தன் ஆசையைச் சொல்லும் இடத்தில் யாருடைய உடம்பும் வேடிக்கைப் பொருளாக வேண்டாம் என்று வேதாவும் நானும் பேசி முடிவு செய்திருந்தோம். அந்த முடிவினால் விளைந்த துன்பங்களைக் கீழே காண்க.

2. 9-2-1986 ஞாயிறு பிற்பகல், வாடகைக்கு எடுத்த கூடத்தில் முப்பத்தொரு பெண்களுக்குப் படத்தைப் போட்டோம். பதினேழாவது நிமிடத்தில் நகரப் பண்பாட்டுக் காப்புக் குழுவின் செயலாளர் திரு. பரசுராமன் உள்ளே வந்து வீடியோ டெக்கை நிறுத்தச் சொன்னார். படம் ஆபாசமானது என்றார். பார்த்தீர்களா என்று வேதா பணிவுடன் கேட்டதற்கு, இப்படிப்பட்ட படங்களைத் தாம் பார்ப்பதில்லை என்று பெருமையுடன் தெரிவித்தார். அவருடைய புகாரின்பேரில் மேட்டுத் தெரு புறக்காவல் நிலைய உதவி ஆய்வாளர் கேசட்டைக் கைப்பற்றினார். ரசீது தரவில்லை. இன்றுவரை வழக்கும் பதியவில்லை.

3. நிலையத்தில் டி.வி. இல்லாததால், தலைமைக் காவலர் திரு. வேடியப்பன் வீட்டில் வைத்துப் படம் ஆராயப்பட்டது. முதல் முறை உதவி ஆய்வாளர் பார்த்தார். அவருக்குச் சந்தேகம் தீராததால் மறுநாளும் பார்த்தார். பிறகு பக்கத்து நிலையங்களிலிருந்தும் அனுபவமிக்க அதிகாரிகள் ஆலோசனைக்கு வந்தனர். இப்படிப்பட்ட படங்களைப் பார்ப்பதில்லை என்ற திரு. பரசுராமன், அந்தக் கொள்கையை மூன்று முறை தளர்த்திக்கொண்டார் என அறிகிறேன்.

4. நான்கு முறை என்னை அழைத்து விசாரித்தார்கள். சொட்டு எங்கே போகிறது என்பதே முதல் விசாரணையின் கேள்வி. எனக்குத் தெரியாது, கழுத்தெலும்போடு அந்தக் காட்சி முடிகிறது என்றேன். உதவி ஆய்வாளர் நம்பவில்லை. “மீதியை எங்கம்மா வச்சிருக்கீங்க? குடுத்துட்டா உங்களுக்கே நல்லது,” என்றார். கருப்புத் திரைக்குள் ஏதோ மறைந்திருப்பதாகக் கருதி டி.வி. மெக்கானிக் ஒருவரை வரவழைத்து, வெளிச்சத்தை முழுவதுமாகக் கூட்டி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கருப்பு சாம்பல் நிறமானதே தவிர, யாரும் தென்படவில்லையாம். ஆதாரத்தை மறைத்தவள் என்று என்னைப் பற்றி எழுதி வைத்திருப்பதாகக் கேள்வி. ஆபாசம் இருப்பதற்காகப் பிடித்த படத்தை, அது இல்லாததற்காக விட மறுக்கிறார்கள்.

5. கவிதையில் தவறான சொல் எது என்று கேட்டேன். ஒவ்வொரு சொல்லாகப் படித்துப் பார்த்து, ‘வேண்டும்’ என்பதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டார்கள். யார் வேண்டும் என்று சொல்லவில்லையே, ஆள் பெயரைச் சொன்னால் விஷயம் முடிந்துவிடும் என்றார்கள். நான் சொல்லாததால், பேருந்து நடத்துநரான என் கணவரை வேலை நேரத்தில் அழைத்து, கவிதையில் வரும் ஆள் அவர்தானா என்று கேட்டார்கள். அவர் சிறிது யோசித்துவிட்டு, “தெரியலைங்க, கேட்டுச் சொல்றேன்,” என்று கூறியிருக்கிறார்.

6. அன்று மாலை வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் என்னிடம் கேட்டார். பதினெட்டு வருடத் திருமண வாழ்க்கையில் எனக்கு என்ன வேண்டும் என்று ஒருவர் என்னிடம் கேட்டது அதுவே முதல் தடவை. நான் அளித்த பதில் இம்மனுவுக்குத் தேவையற்றது. அதன்பின் அவர் வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வருகிறார். இதை நான் புகாராகத் தெரிவிக்கவில்லை.

7. புகார் வேறு. வழக்கு முடியும்வரை வர வேண்டாம் என்று தட்டச்சுப் பயிலகத்தார் என்னை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பதியாத வழக்கு எப்போது முடியும் என்று நிலையத்தில் கேட்டால், முதலில் பதிய வேண்டுமே என்கிறார்கள். வேதாவைக் கல்யாணங்களுக்கு யாரும் கூப்பிடுவதில்லை. தெருவில் போகும்போது ஆண்கள் என் கழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்க்கிறார்கள். ஆடி மாதம் நெருங்கும் வெக்கையிலும் நான் முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டு நடந்தேன், ஐயா. அதற்காகவே எனக்கு என்மீது கோபம்.

8. சொட்டு இறங்கும் இடத்தில் பலமுறை நிறுத்தி வைத்துப் பார்த்ததால் நாடா அங்கு தேய்ந்து, குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றனவாம். இதை என்னிடம் சொன்னவர் தலைமைக் காவலரின் மனைவி திருமதி ராஜம்மாள். ஆண்கள் பார்த்து முடித்துப் போன பிறகு, காவலர் குடியிருப்புப் பெண்கள் மதியத்தில் கூடி அதே கேசட்டைப் பார்த்திருக்கிறார்கள். சென்ற வாரம் அவர் என் வீடு தேடி வந்து, வாங்கிய தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு, “அக்கா, கருப்பா இருக்கும்போது நீங்க பேசுறது எங்களுக்குப் புரிஞ்சுதுக்கா. அவங்கதான் படம் வரலைன்னு உக்காந்திருக்காங்க,” என்றார். அவர் போன பின் முந்தானையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தேன். மீண்டும் மூடவில்லை.

9. கேசட்டை 18-7-1986 வெள்ளியன்று குழுவினர் முன்னிலையில் அழித்து, அதே நாடாவில் திரு. பரசுராமனின் ஆண்டு விழாச் சொற்பொழிவைப் பதியப்போவதாக ராஜம்மாள் வழியே அறிந்தேன். எங்களிடம் வேறு பிரதி இல்லை.

ஆகவே, அழிப்பை உடனே நிறுத்தும்படியும், கேசட்டைத் தேய்ந்த நிலையிலேயேனும் எங்களிடம் ஒப்படைக்கும்படியும், என்மீது வழக்கு ஏதும் இல்லை என்று ஒரு வரி எழுதித் தரும்படியும் வேண்டுகிறேன். தாங்கள் படத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டுமெனில், ஒருமுறை பார்த்தால் போதும் என்று தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் கவனத்துக்கு மற்றொன்று. முடிவு எதுவானாலும் வரும் ஞாயிறு பிற்பகல் எங்கள் அடுத்த படத்தை எடுக்கிறோம். வேதா இரவல் கேமராவுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். இதில் ராஜம்மாள் தாமே எழுதிய நான்கு வரிகளைத் தம் முகம் தெரிய வாசிக்கிறார். என் வரிகளைவிட அவை வெளிப்படையானவை. தங்கள் அலுவலக எழுத்தர்களின் நலன் கருதி இத்துடன் இணைக்கவில்லை. கணவருக்குத் தெரியுமா என்று ராஜம்மாளிடம் கேட்டேன். முதலில் படித்துக் காட்டியதே அவருக்குத்தான் என்றார். கணவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. தம் பெயரை மனுவில் சேர்க்கும்படி ராஜம்மாளே வற்புறுத்தியதால், அவரும் கீழே கையொப்பமிடுகிறார்.

தங்கள் நல்ல முடிவை எதிர்நோக்கும்,

இடம்: திருவண்ணாமலை
நாள்: 14-7-1986

(ஒப்பம்) ச. ஆதிலட்சுமி

(ஒப்பம்) வே. ராஜம்மாள்
யாரும் சொல்லி அல்ல, என் விருப்பப்படி.