கைப்பிடி இல்லாத வெள்ளைக் குடை

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டால்தான் நீங்கள் கேமராவை விட்டுத் திரும்பிப் பார்ப்பீர்கள். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கருமாதி முடிந்து நம் ஸ்டூடியோவைத் திறந்துவிட்டேன். நீடாமங்கலம் அப்படியேதான் இருக்கிறது. ரயில்வே கேட் மூடினால் கடைத்தெரு நிற்கிறது, திறந்தால் நகர்கிறது. நான் இன்னும் அழவில்லை. அதைப் பற்றி ஊரில் பேசுகிறார்களாம். பேசட்டும்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். கருமாதியன்று தானம் கொடுக்கச் செருப்பு வாங்கியவர்கள் குடை வாங்க மறந்துவிட்டார்கள். ஐயர் கேட்டதும் உங்கள் அண்ணன் ஸ்டூடியோவுக்குள் ஓடி, லைட்டுக்கு முன்னால் நீங்கள் விரித்து வைக்கும் வெள்ளைக் குடையைத் தூக்கி வந்துவிட்டார். "புதுசு மாதிரியே இருக்கு பாரு" என்று பெருமை வேறு.

தெருத் தெருவாய்ச் சேலை விற்று அந்த லைட்டையும் குடையையும் வாங்கியவள் நான். கடையில் குண்டூசி இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவேன். அன்று மட்டும், யாருடைய குடையோ போகிறது என்று உட்கார்ந்திருந்தேன்.

கடை திறந்த பிறகு ஒரு பெண்ணை அவள் அம்மா கூட்டி வந்தார். ஜாதகத்தோடு அனுப்பப் படம் வேண்டுமாம். இருக்கும் ஒரே லைட்டைப் போட்டேன். குடை இல்லாத வெளிச்சம் முகத்தில் அறைந்தது. மூக்கின் நிழல் மேலுதட்டில் கறுப்பாக விழுந்தது.

"என்னக்கா, எம்பொண்ணுக்கு மீசை வரைஞ்சுட்டீங்க? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஓடிடுவாங்க!"

அந்த நேரம் பார்த்து ஐயர் வந்தார், அந்தக் குடையோடு.

"அம்மா, இதுக்குக் கைப்பிடியே இல்ல. விரிச்சா வெயிலும் உள்ள வருது. உங்க தொழில் சாமான்னு அப்புறந்தான் புரிஞ்சுது. வாங்கிக்குங்க."

உங்கள் அண்ணன் கடையில்தான் இருந்தார். "தானம் கொடுத்ததைத் திரும்ப வாங்கக் கூடாதும்மா. தம்பி போற வழியெல்லாம் வெயில்ல நடப்பான்."

"வெயில் உள்ள வர்ற குடையால யாருக்கு மாமா நிழல்?" என்றேன்.

எனக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது, உங்களுக்குத் தெரியும். குடை வந்தால் தொழில் நடக்கும். ஆனாலும் கை நீளவில்லை. வெயிலை மறைக்காமல் இதமாக்கித் தரும் குடை, போகிற வழியில் உங்களைத் தவிர வேறு யாருக்குப் பிடிக்கும்? அங்கே வெளிச்சம் எப்படி இருக்கிறது?

"சாமி, அது அவருக்குக் கொடுத்தது. உங்ககிட்டயே இருக்கட்டும். பிடிக்கிறதுக்கு வேற தர்றேன்" என்று எதிர்க்கடையில் ஒரு கறுப்புக் குடை வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு உங்கள் வெள்ளை வேட்டியை எடுத்து லைட்டுக்கு முன்னால் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். நீங்கள் செய்கிற மாதிரியே அந்தப் பெண்ணின் முகத்துக்குப் பக்கத்தில் என் கையை மூடி நீட்டி, அதில் நிழல் எப்படி விழுகிறது என்று பார்த்துப் பார்த்து லைட்டை நகர்த்தினேன். மீசை போனது. ஒரு கன்னத்தில் வெளிச்சம், மறு கன்னத்தில் லேசாக நிழல்.

அந்த அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணன் எடுத்த மாதிரியே இருக்கே" என்று உங்களைச் சொன்னார்.

நான் லைட்டை அணைத்தேன். வேட்டி கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது. அப்போதும் அழுகை வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

இன்னொரு லைட் வாங்கலாம் என்று நான் நச்சரிக்கும்போதெல்லாம், "சூரியன் ஒண்ணுதானே மல்லிகா" என்பீர்கள். இனி நச்சரிக்க மாட்டேன். ஒரு லைட்டே போதும். வேட்டி இற்றுப்போகும் வரை அதை வைத்தே எடுப்பேன்.

குடையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி,
மல்லிகா