ஒற்றையாள் கூடாரமும் பதினேழாம் கல்லும்

கொல்லம் 1122, கன்னி 9

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு எதற்கு நோட்டு என்று மகன் சிரித்தான். நான் சொல்கிறேன், மருமகள் உலகம்மை எழுதுகிறாள். சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும், அதுதான் ஏற்பாடு.

இன்று எஸ்டேட் சர்வேயர் ஸ்ரீகண்டன் கரமனைக்கு வீடு தேடி வந்தார். எல்லைக் கற்களைக் காடு மூடிவிட்டதாம். முப்பத்தாறு வருஷம் நிலம் அளக்கும் சங்கிலி பிடித்தவன் நான்; அந்தப் பதினேழு கல்லும் என் தலைக்குள் இருக்கின்றன. "மூப்பரே, துலாம் பத்தாம் தேதி மலைக்குப் போகாம், வண்டி வரும். படுக்க உள்ள கூடாரம் நீங்களே கொண்டுவரணும், கேட்டோ."

பதினொரு வருஷம் கழித்து மறுபடி மலை.

கன்னி 14

சாலைக் கடைத்தெருவில் நெல்லையப்பன் கடை. யுத்தம் முடிந்து மிஞ்சிய பட்டாளச் சரக்கு குவிந்து கிடக்கிறது. ஒருவர் படுக்கிற கூடாரம் மூன்று தினுசு. ரப்பர் பூசியதில் மழை இறங்காது. படுத்தவன் மூச்சே தண்ணீராகி மேலே சொட்டும். பாராசூட் துணி கைக்குட்டை போல மடங்குகிறது. ஒரு முள் போதும், கிழிந்துவிடும். மூன்றாவது கித்தான். நெருக்க நெசவு, ஓரமெல்லாம் இரட்டைத் தையல். நாலு மூலையைத் தூக்கிப் பிடித்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். வெற்றிலை போட்டு முடிக்கும்வரை ஒரு சொட்டு இறங்கவில்லை. கனம்தான். சுமக்கலாம்.

"அண்ணாச்சி, இதுல படுத்த வெள்ளக்காரன் ஜப்பான்காரன்கிட்ட தப்பிச்சான், கொசுகிட்ட தப்பிக்கல" என்றான் நெல்லையப்பன்.

கன்னி 22

தினம் ஒன்றிரண்டு கல்லாகச் சொல்லி எழுதவைக்கிறேன். மறக்கவில்லை என்று எனக்கே காட்டிக்கொள்ளத்தான். இன்றோடு பதினாறு. கடைசிக் கல்லுக்கு ஒரு கதை உண்டு. நாளை.

கன்னி 23

காய்ச்சல்.

துலாம் 10

காய்ச்சலுக்குப் பிறகு இன்றுதான் நோட்டு. விடிந்ததிலிருந்து கூடாரத்தைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். வண்டி வரவில்லை. உச்சிப்பொழுதில் மகன் சொன்னான், சர்வேக்காரர்கள் நேற்றே போய்விட்டார்களாம். கல் விவரம் கையில் இருக்கிறதாம்.

யார் கொடுத்தது? நான் காய்ச்சலில் கிடந்தபோது ஸ்ரீகண்டன் வந்து இந்த நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார். எடுத்துக் கொடுத்தவள் — எழுது, நிறுத்தாதே — உலகம்மை.

"காய்ச்சல் விட்டு பத்து நாள்தான் ஆவுது மாமா. காட்டுல விழுந்தா யாரு தூக்குவா? ஒங்க மகனுக்கும் எஸ்டேட்டுல வேலை தாறேன்னாரு..."

அவளுக்கு எது முதலில் தோன்றியது, என் உடம்பா, மகன் வேலையா? கேட்டேன். அதையும் எழுது.

துலாம் 11

மழை. முற்றத்தில் கூடாரம் அடித்துப் படுத்தேன். வீட்டுக்குள் படுக்க மனசில்லை. கித்தான் ஒழுகவில்லை.

துலாம் 16

இன்னும் கூடாரத்துக்குள்தான் படுக்கை. உலகம்மையிடம் பேசுவது இந்த நோட்டுக்காக மட்டும்.

துலாம் 21

ஸ்ரீகண்டன் வந்தார், கால் முழுக்க அட்டைக்கடி. பதினாறு கல் கிடைத்துவிட்டது. கடைசிக் கல்லுக்கு ஐந்து நாள் அலைந்தார்களாம். அது இல்லாமல் எல்லைக்கோடு சுற்றி வந்து சேராது.

"பதினேழாவது எவிடெ மூப்பரே? நோட்டுல இல்லையே."

மலை சரிந்த வருஷம் அதைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டோம். நட்டவர்களில் மிச்சம் நான் ஒருவன்.

"வாயால சொல்லமாட்டேன். நடந்து வந்து காட்டுதேன்."

நாளை காலை வண்டி. கேட்காமலே உலகம்மை கூடாரத்தின் நைந்த கயிற்றை மாற்றிக் கட்டியிருக்கிறாள். முடிச்சை இழுத்துப் பார்த்தேன்.

இதை எழுதி முடித்ததும் நோட்டைக் கூடாரத்துக்குள் வைத்துச் சுருட்டச் சொல்லியிருக்கிறேன். எனக்கு வாசிக்கத் தெரியாதுதான். யார் கையும் எட்டாமல், ஒருவன் மட்டும் படுக்கிற இடத்தில் அது இருக்கட்டும்.