ஓசிப் பாடம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா?

வேலை இன்னும் அமையவில்லை; கவலைப்படாதீர்கள். நேற்று ஒரு பள்ளியில், வேலைக்கு எடுக்குமுன் பத்தாம் வகுப்புக்கு ஒரு மாதிரிப் பாடம் நடத்தச் சொன்னார்கள். முக்கோணவியலை அடிப்படையிலிருந்து ஆரம்பித்தேன். முன்பெஞ்சுப் பெண் கை தூக்கினாள்.

"மிஸ், அதெல்லாம் முந்தாநாள் வந்த மிஸ் நடத்திட்டாங்க. நேத்து வந்த சார் இந்தக் கணக்கைப் பாதியில விட்டுட்டுப் போயிட்டாரு. அங்கேருந்து எடுங்க."

"உங்க கணக்கு டீச்சர் எங்கம்மா?"

"அப்படி யாரும் இல்லையே மிஸ். தினம் ஒருத்தர் இன்டர்வியூவுக்கு வருவாங்க."

கேட்டீர்களா அப்பா! வேலை கேட்டு வருகிறவர்களை வைத்தே ஓசியில் வருஷத்தை ஓட்டுகிறார்கள், வெட்கங்கெட்டவர்கள்! தலைமையாசிரியர் வேறு பல்லை இளித்துக்கொண்டு, "பிரமாதம், சொல்லி அனுப்புறோம்" என்றார். அந்தக் கணக்கை நானும் பாதியில் விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை, விடைவரை போட்டுக் காட்டிவிட்டுத்தான் வந்தேன்.

என் பழைய தோல் செருப்பை அனுப்பிவையுங்கள், நின்று நடத்த அதுதான் தோது. நாளை இன்னொரு பள்ளியில் கூப்பிட்டிருக்கிறார்கள். அதுவும் இதே பித்தலாட்டமாகத்தான் இருக்கும். இருந்தாலும் போவேன். இந்தப் பிள்ளைகளை விட்டால், இந்த ஊரில் என்னோடு பேச வேறு யார் இருக்கிறார்கள்?

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்