எலிக்கு ஆறிய காயம்

அக்கா,

இன்று காலை மளிகைக் கடையில் சோயா மாவுப் பொட்டலம் ஒன்று என் கையிலேயே கிழிந்துவிட்டது. அந்தப் பச்சை வாசம் மூக்கில் ஏறியதும் கடைக்காரரிடம் ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்து நின்றேன். ஒன்பது ஊருக்குக் கேட்கும்படி பேசுகிற உங்கள் தம்பிதான்.

சோமனூரில் தறியில் இடித்து உங்கள் காலில் வந்த காயம் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. கோவையில் ஆராய்ச்சி செய்யும் உங்கள் மகள்தான் காரணம் சொன்னாள். "மாதவிலக்கு நின்னா தோலு மெலிஞ்சு போகுமுங்க மாமா, புண்ணு மெதுவாத்தான் ஆறும். சோயாவுல பெண் ஹார்மோன் மாதிரி ஒண்ணு இருக்குது. அதைப் பிரிச்செடுத்து லேப்ல எலிக்குக் குடுத்தோம், சீக்கிரம் ஆறுச்சு. எலிக்குத்தானுங்க. மனுசங்களுக்கு இன்னும் பாக்கோணும்."

மூன்று உலகத்துக்கும் ராஜவைத்தியனாக அன்றே எனக்கு நானே முடிசூட்டிக்கொண்டேன். சோயா மாவைக் குழைத்து உங்கள் காலில் அப்பித் துணி சுற்றினேன்.

"ஒரே வாரம்! மருதமலைப் படியில ஓட்டப்பந்தயமே ஓடுவீங்க பாருங்க அக்கா!"

"ஓடிப் போயி, உனக்குப் புத்தி குடுக்கச் சொல்லி முருகனைக் கேக்கறேன் சாமி" என்று சிரித்தீர்கள்.

பிறகு தினமும் கருமத்தம்பட்டியிலிருந்து வண்டியில் வந்து கேட்பேன். "கொறைஞ்சிருக்குது தம்பி" என்பீர்கள், சேலையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு. யார் மனமும் நோகப் பேசத் தெரியாத வாய். நானும் விலக்கிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது புண் சீழ்பிடித்து விஷம் ரத்தத்தில் கலந்திருந்தது. "யார் இதைப் போட்டது?" என்று டாக்டர் அதட்டினார்.

"நாந்தானுங்க. புள்ள சொன்னதைக் கேட்டு நானாப் போட்டுக்கிட்டேன்" என்றீர்கள்.

பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டீர்கள்.

என்னைக் காப்பாற்ற நீங்கள் சொன்ன பொய் உங்கள் மகள் தலையில் விழுந்தது அக்கா. தன் பேச்சால்தான் அம்மா போனாள் என்று லேபுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

கடையிலிருந்து நேராக அவளிடம் போனேன். "நாந்தான் போட்டேன் கண்ணு" என்றேன். அவள் கேட்டாள்.

"எலிக்குத்தான்னு நான் சொன்னது உங்க காதுல விழுந்துச்சுங்களா?"

"விழுந்துச்சு கண்ணு."

எழுந்து உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் போனில் ஒரு வரி வந்தது: "திங்கக்கிழமை லேபுக்குப் போறேனுங்க." மாமா என்ற சொல் அதில் இல்லை.

அவள் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. உங்கள் குரலேதான். ஆனால் என்னை மன்னித்துவிட்டதாக அவள் பொய் சொல்லவில்லை அக்கா.