ஏழாவது வீடு

அரியாலை,
24.08.2025

அன்புள்ள மகன் குகதாசனுக்கு அம்மா எழுதுவது,

நான் சுகமாயிருக்கிறன் தம்பி. நீ சுகமோ எண்டு இந்தமுறை சும்மா கேக்கேல்லை. கடைசிவரைக்கும் வாசிச்சுப்போட்டு மறுமொழி சொல்லு.

வழமையாப் பக்கத்து வீட்டுக் கீர்த்திகாதான் நான் சொல்லச் சொல்லப் போனிலை அடிச்சு உனக்கு அனுப்பிறவள். இதை அவளுக்குச் சொல்லேலாது. உனக்குப் போன் எடுக்கவும் யோசிச்சனான். எடுத்தால் நீ சிரிச்சுக்கொண்டு ஒண்டுமில்லை அம்மா எண்டுவாய், நானும் நம்பிப்போடுவன். அதாலை நானே இருந்து எழுதுறன். பரமலிங்கம் அண்ணை வெள்ளிக்கிழமை பிரான்சுக்குத் திரும்பிறார். ஒட்டித்தான் குடுத்துவிடுறன். ஒட்டு உடைஞ்சிருந்தால் எனக்குச் சொல்லு.

அப்பா போய் ஆறு மாதமாகுது. அவர் இருக்குமட்டும் வாசல் படலைக்குப் பூட்டே இல்லை. இப்ப நான் பகலிலையும் பூட்டித்தான் வைச்சிருக்கிறன். செத்தவீட்டுக்கு வந்தவையிலை அரைவாசிப் பேர் வீட்டிலை என்ன கிடக்கெண்டு பார்க்க வந்தவை. எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிஞ்ச கையோடை ஒருத்தன் வந்து, அப்பாவின்ரை படத்தைப் பெருப்பிச்சுச் சட்டம் போட்டுத் தாறன் எண்டு வாங்கிக்கொண்டு போனவன். இன்னும் வரேல்லை. அவர் வேட்டி சால்வையோடை நிண்ட ஒரே படம் அது.

போன மாதம் பிரதேச சபைக்காரர் ஓட்டோவிலை ஸ்பீக்கர் கட்டி அறிவிச்சவை. வீடு வீடாய்ச் சாமான் விக்கிறவை, காசு சேர்க்கிறவை, கோயிலுக்கெண்டு வாறவை எல்லாரும் சபையிலை அனுமதிக் கடிதம் எடுத்து, விதானையாரின்ரை கையெழுத்தும் வாங்கிக் கழுத்திலை போட்டுக்கொண்டுதான் வரவேணுமாம். ரோட்டிலை உண்டியல் குலுக்கிறதெண்டாலும் அப்பிடித்தான். கடிதம் இல்லாட்டிப் படலை திறவாதேங்கோ, உடனை அறிவியுங்கோ எண்டு ஒரு நம்பரும் சொன்னவை. எனக்கு அது நல்லாப் பிடிச்சுக்கொண்டுது. நம்பரைக் கலண்டரிலை எழுதி வைச்சனான். ஊதுபத்தி விக்க வந்தவனிட்டைக் கடிதம் இருந்தது. நான் சபை முத்திரையைப் பார்த்து, கடிதத்திலை ஒட்டின படத்தையும் அவன்ரை முகத்தையும் மாறி மாறிப் பார்க்க, அக்கா, மாப்பிளை பார்க்க வந்தவைகூட என்னை இவ்வளவு நேரம் பார்க்கேல்லை எண்டு சொல்லிச் சிரிச்சான். சிரிச்சதாலை நான் வாங்கேல்லை.

வியாழக்கிழமை காலமை ஒரு பெட்டை வந்து படலையடியிலை நிண்டாள். மஞ்சள் சீலை கட்டி, முந்தானையை ஏந்திக்கொண்டு, பிள்ளையாருக்கு நேர்த்தி, மடிப்பிச்சை எண்டாள். கடிதம் எங்கை எண்டு கேட்டன். நேர்த்திக்கும் கடிதம் வேணுமோ எண்டாள்.

உனக்குத் தெரியும், ஓர் உயிர் தப்பவேணும் எண்டால்தான் எங்கடை ஆக்கள் ஏழு வீட்டிலை மடியேந்தி, அந்த அரிசியைக் கோயிலிலை பொங்குவினம். வசதியானவையும் எடுப்பினம். வந்தவளை இல்லையெண்டு அனுப்பக்கூடாது. ஆனால் உவளிலை எனக்கு ஒண்டும் பொருந்தேல்லை. வெறுங்காலோடை நிண்டாள், ஆனால் அது சுடுமண்ணிலை நடந்து பழகின காலில்லை, மாறி மாறித் தூக்கினாள். வீட்டுப் பக்கம் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், கண் கலங்குது. எங்கடை நாய் குரைச்சுக்கொண்டு பாய, மாதாவே எண்டு கத்தினாள்.

அவ்வளவுதான். வேதக்காரப் பெட்டைக்குப் பிள்ளையாரிட்டை என்ன நேர்த்தி? அவளைக் கதையிலை வைச்சுக்கொண்டு நம்பரை அடிச்சன். சபையிலை இருந்து இரண்டு பேர் மோட்டச்சைக்கிளிலை வந்தினம். அவள் ஓடேல்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாத்தான் இருந்தது.

முறைப்பாடு குடுத்தவ எண்டு என்னையும் சபைக் கந்தோருக்குக் கூப்பிட்டவை. அங்கை இருந்த ஐயா ஒரு படிவத்தை விரிச்சு, அமைப்பின்ரை பேர் என்ன, பதிவு நம்பர் என்ன, என்ன சேர்க்கிறாய் எண்டு கேட்டார். அரிசி எண்டாள். நேர்த்திக்கெண்டு இதிலை இடமில்லைப் பிள்ளை எண்டார் அவர். நான் முறைப்பாட்டைத் திருப்பி எடுத்தால் எச்சரிச்சு விடலாமாம், இல்லாட்டிப் பொலிசிலை பாரம் குடுக்கவேணுமாம். ஆருக்காக எடுக்கிறாள் எண்டதைச் சொல்லட்டும், பிறகு பார்ப்பம் எண்டன். அவள் மடியை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, குகதாசன், கார்த்திகை நட்சத்திரம் எண்டாள்.

ஊரிலை எத்தினை குகதாசன். தேப்பன் பேர் என்ன எண்டு கேட்டன். பஞ்சலிங்கம் எண்டாள்.

அப்பவும் நான் நம்பேல்லை. அப்பாவின்ரை கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் இன்னும் ஒழுங்கை மதிலிலை கிடக்குது. அதிலை உன்ரை பேரும் பிரான்ஸ் எண்டும் போட்டிருக்கு. கள்ளர் அதை வாசிச்சுத்தான் வீட்டு விசயமெல்லாம் பாடமாக்கிக்கொண்டு வருகினம் எண்டு ஐயாவுக்குச் சொன்னன். சொல்லிக்கொண்டிருக்கேக்கைதான் எனக்கு நாக்குத் தடக்கினது. நோட்டீசிலை உன்ரை நட்சத்திரம் இல்லைத் தம்பி.

அவளின்ரை மடியிலை ஆறு வீட்டு அரிசி இருந்தது. கந்தோரிலை அவிட்டுக் காட்டச் சொன்னதிலை கொஞ்சம் நிலத்திலை சிந்திப்போச்சு. அவள் குந்தியிருந்து ஒவ்வொரு மணியாப் பொறுக்கினாள். நான் பார்த்துக்கொண்டு நிண்டுபோட்டு, முறைப்பாட்டைத் திருப்பி எடுத்துக் கையெழுத்து வைச்சன்.

வெளியிலை கூட்டிக்கொண்டு வந்து விசாரிச்சன். பேர் தயாளினி, குருநகரிலை மீன் விக்கிற நீக்கிலாப்பிள்ளையின்ரை மகள் எண்டாள். என்ரை பிள்ளையை எப்பிடித் தெரியும் எண்டதுக்கு நாலு வருசப் பழக்கம் எண்டு மட்டும் சொன்னாள். அந்தோனியாரிட்டைக் கேட்டிருக்கலாமே, ஏன் எங்கடை சாமியிட்டை வந்தனி எண்டு கேட்டன். அந்தோனியாரிட்டையும் கேட்டனான், அவரின்ரை சாமியிட்டையும் கேப்பம் எண்டு வந்தனான் எண்டாள். அவனுக்கு என்ன வருத்தம், என்ன நோய் எண்டு கேட்டன். சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணிப்போட்டன், அவரிட்டைக் கேளுங்கோ மாமி எண்டாள். மாமியாம்! அடிக்கத்தான் கை எழும்பினது. பிறகு அந்தக் கையாலை அவளின்ரை முகத்தைத் துடைச்சுவிட்டன்.

அப்பாவின்ரை செத்தவீட்டுக்கு நீ வராததுக்கு விசாப் பிரச்சினை எண்டாய். நானும் கேட்டவைக்கெல்லாம் விசா எண்டுதான் சொன்னனான். அப்பவே உனக்கு வருத்தமோ? அப்பாவின்ரை வருத்தத்தை உனக்கு ஒளிச்சது நான்தான். நீ தனியக் கிடந்து யோசிப்பாய் எண்டு, முத்தின பிறகுதான் சொன்னனான். நீ அவரோடை கதைக்க நினைக்கேக்கை அவருக்குப் பேச்சு நிண்டுபோச்சு. அந்தப் பிழையை நீ எனக்குச் செய்யாதை ராசா. எனக்கு இனி வேறை ஆளுமில்லை, நீ ஒராள்தான்.

அவளை நாளைக்குக் காலமை வரச் சொல்லியிருக்கிறன். எங்கடை வீட்டு அரிசி உனக்காக எடுக்கிற பிச்சைக்குச் சேருமோ தெரியாது. கோயில் ஐயரைக் கேக்கவும் மாட்டன், ஏலாதெண்டு சொல்லிப்போடுவார். சொந்தக்காரர் வந்துபோறதுக்குச் சபையிலை கடிதம் தேவையில்லையாம். ஆரும் கேட்டால் சொந்தம் எண்டு சொல்லுவன். என்ன முறையெண்டு கேட்டால், அதை நீ வந்து சொல்லு.

மூண்டு மாதமா நீ போன் வீடியோவிலை கம்பளித்தொப்பியோடைதான் வாறாய். இப்ப அங்கை சரியான வெக்கையெண்டு பரமலிங்கம் அண்ணை சொல்லுறார். இது கிடைச்ச உடனை எனக்குப் போன் எடு. தொப்பியைக் கழட்டிப்போட்டு எடு. நான் அழமாட்டன்.

பிள்ளையார் உனக்குத் துணை. அந்த மாதாவும் துணையிருக்கட்டும்.

உன்ரை அம்மா,
ப. பராசக்தி