ஆமை முதுகில் கட்டடக்காரர்

டாகுரியா, கல்கத்தா
செப்டம்பர் 1983

சிரஞ்சீவி பார்த்தசாரதிக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியமாக இருக்கிறோம். மழைதான் இன்னும் விடவில்லை. பெங்களூரில் நீயும் தமயந்தியும் நலம் என்று அம்மாவுக்கு வந்த கடிதத்திலிருந்து தெரிந்துகொண்டேன். எனக்கென்று தனியாக உன் கடிதம் வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. குறையாகச் சொல்லவில்லை.

கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் நோட் எழுதி எழுதி வந்த பழக்கம் ரிடையர் ஆகியும் போகவில்லை. என்னென்ன எழுதப்போகிறேன் என்று முதலிலேயே நம்பர் போட்டுவிட்டால், பாதியில் பயந்து நிறுத்திவிட மாட்டேன் என்று ஒரு நம்பிக்கை.

1. நம் தமிழ்ச் சங்கத்துக்கு நான் எழுதியிருக்கும் நாடகம் எதைப் பற்றியது.
2. அதைப் பார்க்க வருகிறவர்கள் எதை எதிர்பார்த்து வருகிறார்கள்.
3. அதில் வரும் கட்டடக்காரர் நீ அல்ல.
4. நாடகத்தின் முடிவு.
5. பூஜை லீவுக்கு நீ வருவது.

ஐந்தாவதைத்தான் முதலில் போட்டிருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது. "அப்பா என்னை வெச்சு நாடகம் போடறாராம். நம்ம தமிழாள் இருக்கற லேக் மார்க்கெட்டே கூடிச் சிரிக்கப்போறதாம். அதைப் பாக்க நான் டிக்கெட் எடுத்துண்டு வரணுமா?" என்று நீ சொன்னதாக தமயந்தி எழுதியிருந்தாள். அம்மா அதை இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். இரண்டாம் தரம் வாசிக்கும்படி நான் கேட்கவில்லை.

சரி, ஒன்றாவது.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளம் உனக்குத் தெரியும். போன மழைக்காலம் முடிந்ததிலிருந்து லாரி லாரியாகச் சாம்பலும் இடித்த செங்கல்லும் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். பாதிக் குளம் தரையாகிவிட்டது. ஐந்து மாடி வரும் என்கிறார்கள். குளத்தில் இருந்ததெல்லாம் எங்கே போகும்? நம் வீட்டுக்குத்தான் வருகிறது. பூஜை அலமாரியில் தவளை. குளியலறையில் நண்டு. ஒரு நாள் சமையலறையில் ஒரு முழு உடும்பு. அம்மா முக்காலி மேல் ஏறி நின்றுகொண்டு கரண்டியை நீட்டி, "ஜாவ்! ஏகானே கீ சாய்?" என்று அதை வங்காளியில் அதட்டினாள். போ, இங்கே என்ன வேணும் என்று தமிழில் கேட்டால் ஆகாதா என்று பிறகு கேட்டேன். "அதுக்குத் தமிழ் எங்கேன்னா தெரியும்?" என்றாள்.

இதை லேக் மார்க்கெட் காப்பிக் கடையில் சங்கத்துச் செயலாளர் பத்மநாபனிடம் சொன்னேன். அவர் சிரித்ததில் காப்பி அவர் சட்டையில் கொட்டிவிட்டது. "சார், அப்படியே எழுதுங்கோ. குழந்தைகளுக்கு முகமூடி மாட்டி விட்டுடலாம்" என்றார். எனக்கு நாடகம் எழுத வரும் என்று அவர் எதை வைத்து நினைத்தாரோ. மறுக்கத் தைரியம் இல்லாமல் எழுதினேன்.

குளத்தைத் தூர்க்க ஒரு கட்டடக்காரர் வருகிறார். பிராணிகள் கூடிப் பேசி ஒரு மனு எழுதுகின்றன. மனு முறைப்படிதான் போக வேண்டும் என்று உடும்பு சொல்ல, அதை ஆபீஸில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை ஆமைக்குக் கிடைக்கிறது. அது முதல் காட்சியில் புறப்பட்டு நாடகம் முடியும்வரை நடந்துகொண்டே இருக்கிறது. இதற்குள் நரி யூனியன் தலைவராகிவிடுகிறது. தவளைகள் எல்லாம் குளத்தைத் தூர்ப்பது நடக்காது, "சோல்பே நா! சோல்பே நா!" என்று கோஷம் போட்டுக் கட்டடக்காரரைச் சூழ்ந்து நின்று கெராவ் செய்கின்றன. கதை இவ்வளவுதான்.

இரண்டாவது. ஜனங்கள் எதிர்பார்ப்பது. இதில் பத்மநாபனுக்கு இருக்கும் அனுபவம் எனக்கு இல்லை. மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிய பள்ளத்தைப் பலகை மேல் நடந்து தாண்டி, கரண்ட் இருக்குமோ இருக்காதோ என்ற கவலையோடு குடும்பத்துடன் வருகிறவர்கள் அழுவதற்கு வரமாட்டார்கள் என்பது அவர் கட்சி. போன வருஷம் நாம் போட்ட சரித்திர நாடகத்தில் அதிகக் கைதட்டல் வாங்கியது ராஜாவின் மீசை விழுந்ததுதான். "குழந்தைகள் வேணும். ஒரு பாட்டு வேணும். கடைசி பஸ்ஸுக்கு முன்னாடி முடியணும். முக்கியமா யாராவது ஒருத்தர் விழணும் சார்" என்கிறார். யார் விழ வேண்டும் என்று கேட்டேன். "வேற யார்? பில்டர்தான். குளத்துல. தொபுக்குனு" என்றார்.

ஒத்திகையில் நான் கவனித்தது வேறு. வந்து உட்காருகிற பெற்றோர்கள் அதிகமாகச் சிரிப்பது ஆமைக்குத்தான். எல்லோரும் துறைமுகம், ரயில்வே, கணக்குத் தணிக்கை என்று ஏதாவது ஓர் ஆபீஸில் இருப்பவர்கள். மனுவைச் சுமந்துகொண்டு ஆமை ஒவ்வொரு காட்சியிலும் மேடையைக் கடக்கும்போது, "இன்னும் நம்ம செக்ஷனுக்கு வரலையே!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. மறுநாளே, அது என் எழுத்துக்காக இல்லை, அவரவர் மேலதிகாரியை நினைத்துத்தான் சிரித்தார்கள் என்று தோன்றிவிட்டது.

கரண்ட் போய்விட்டது. ஜன்னலோரம் வந்து உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் லாரி பின்பக்கமாக வரும் சத்தம். இது இன்றைக்கு எத்தனையாவதோ. இரு, அம்மா கூப்பிடுகிறாள்.

ஒன்றுமில்லை. பல்லி என்று நினைத்தாளாம், தேரைக்குஞ்சு.

மூன்றாவது. கட்டடக்காரராக நடிப்பவர் மருதமுத்து. கிடர்பூர் கஸ்டம்ஸ் ஆபீஸுக்குத் தூத்துக்குடியிலிருந்து இந்த வருஷம்தான் மாற்றலாகி வந்தார். உன்னைப் பார்த்ததே இல்லை. ஆகவே அவர் உன்னைப் போல் நடித்துக் காட்டுகிறார் என்று யாராவது சொன்னால் நம்பாதே. நான் எழுதியதை நடிக்கிறார், அவ்வளவுதான். நான் எழுதியது என்ன? கட்டடக்காரர் வந்தவுடன் எதையும் விரல் கணுவால் தட்டுகிறார். மரத்தைத் தட்டிக் காதை வைத்துக் கேட்கிறார். ஆமை ஓட்டையும் தட்டுகிறார். "உள்ளே ஈரம் ஏறியிருக்கு" என்கிறார். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். "ஐயா, இந்தத் தட்டுற விசயம் பிரமாதமா இருக்கு. எங்க புடிச்சீங்க?" என்று மருதமுத்து கேட்டார். கட்டட வேலை செய்பவர்கள் எல்லோரும் செய்வதுதானே என்றேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு நாள் அம்மா ஒத்திகை பார்க்க வந்தாள். ஆமை ஓட்டைத் தட்டும் இடத்தில் எல்லோரும் சிரிக்க, அவள் மட்டும் சிரிக்கவில்லை. டிராமில் வரும்போது, "எந்த பில்டர்ன்னா தட்டித் தட்டிக் காதை வெச்சுப் பாக்கறான்? எம்பிள்ளை ஒருத்தன்தான் பாப்பான்" என்றாள். எல்லா இன்ஜினீயரும் பார்ப்பார்கள் என்று நான் வாதாடினேன். வாதாடியதோடு விடாமல், பின்னால் வேலை செய்கிற நிஜக் கட்டடக்காரரைச் சில நாள் காலையில் மொட்டை மாடியிலிருந்து கவனித்தேன். கார் வரும். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு இறங்குவார். லாரிகளைப் பார்ப்பார். போய்விடுவார். எதையும் தட்டவில்லை. எதிலும் காதை வைக்கவில்லை.

போன பூஜை அஷ்டமி அன்று நீ இந்த அறைச் சுவரைத் தட்டிக் கேட்டாய். "ஈரம் இடுப்பு வரைக்கும் ஏறியிருக்குப்பா. இதுல அம்மா எப்படி இருப்பா? ரெண்டு பேரும் என்னோட வந்துடுங்கோ" என்றாய். பெங்களூரில் நீ கட்டிக் குடியிருக்கும் வீடு எந்த ஏரியைத் தூர்த்த இடத்தில் நிற்கிறது என்று நான் கேட்டேன். நீ அதற்குச் சொன்ன பதில் எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. "அங்க இப்போ குழந்தைகள் குழாயைத் திறந்தா தண்ணி வரது. நீங்க ஆயுசு பூரா வாடகை வீட்டுல வாளி தூக்கினேளே, அவாளும் தூக்கணுமா?" பதில் இல்லாததால்தான், மீன் இருந்த இடத்தில் நான் படுத்துத் தூங்க மாட்டேன் என்று சொன்னேன். நீ டிக்கெட்டை மாற்றிக்கொண்டு மறுநாளே கிளம்பிவிட்டாய். "நாம தொடாத மீன் மேல உங்களுக்கு எங்கேர்ந்து வந்தது இவ்வளவு ப்ரீதி?" என்று அம்மா என்னிடம் அன்றைக்கு முழுக்கப் பேசியது இந்த ஒன்றுதான்.

அந்த வாளி வசனத்தைக் கட்டடக்காரர் வாயில் வைத்திருக்கிறேன். கெராவ் நடுவில் நின்றுகொண்டு அவர் அதைச் சொல்லும்போது ஒத்திகையில் யாரும் சிரிப்பதில்லை. பத்மநாபன் அதை வெட்டச் சொல்கிறார். "வில்லன் நியாயம் பேசினா ஜனங்க யாரைப் பாத்து சார் சிரிப்பா?" அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். எனக்கு இதிலெல்லாம் திடமான அபிப்பிராயம் கிடையாது. ஆனாலும் வெட்டவில்லை.

நாலாவது, முடிவு. இரண்டு பேர் ஒரு நீலப் புடவையை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து ஆட்டினால் அதுதான் குளம். மருதமுத்து அதில் விழத் தயார். "எத்தனை தரம் வேணாலும் விழுறேன்யா, அடியில மெத்தை மட்டும் போட்டுடுங்க" என்கிறார். எனக்குத்தான் எழுத வரவில்லை. எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். காரணம் தெரியாமல் கோபம்கூட வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை, எழுதாவிட்டாலும் பரவாயில்லை, விழுந்து பார்த்துவிடுவோம் என்றார்கள். தவளைகள் கோஷம் போட, நரி தள்ள, மருதமுத்து புடவையில் விழுந்தார். நல்ல சிரிப்பு. பத்மநாபன் எனக்குக் கை கொடுத்தார். அப்போது ஆமையாக நடிக்கும் காமு, ஏழு வயசு, மனுவும் கையுமாக என்னிடம் வந்து, "ஓ மா! அவருக்கு நீஞ்சத் தெரியுமா தாத்தா?" என்று கேட்டாள்.

"தெரியாது" என்று நான் உடனே சொல்லிவிட்டேன்.

யோசிக்கவே இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாடகத்தில் எங்கேயும் அப்படி ஒரு வரி இல்லையே என்று மருதமுத்து கேட்டார். குளத்துப் பக்கம் போகக் கூடாது என்று சின்ன வயசில் உன்னைப் பிடித்து வைத்தவன் நான்தானே; உனக்கு நீந்த எப்படித் தெரியும்? அதை அவர்களிடம் சொல்லவில்லை. மேஜையில் எதையோ தேடுவது போல் குனிந்துகொண்டேன்.

காமு விடவில்லை. "அப்போ நான் முதுகுல ஏத்திண்டு போய்க் கரையில விட்டுடறேன். ஆஸ்தே ஆஸ்தே. மெதுவாத்தான் போவேன், ஆனா விட்டுடுவேன்" என்றாள். மனு என்ன ஆவது என்று நரி கேட்டது. அதை அவரே முதுகில் உட்கார்ந்தபடி படித்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டாள்.

அதையே எழுதிவிட்டேன். கரை சேர்ந்த பிறகு அவர் குளத்தை விடுகிறாரா தூர்க்கிறாரா என்பதை எழுதவில்லை. எனக்குத் தெரியாது. கோபித்துக்கொண்டு எல்லோரும் எழுந்து போகலாம் என்று பத்மநாபன் பயப்படுகிறார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. நீ வந்தால், அந்த இடத்தில் அவர் என்ன சொல்வார் என்று உன்னைக் கேட்கலாம் என்றிருக்கிறேன். நாடகம் லக்ஷ்மி பூஜை கழிந்த ஞாயிறு, மாலை.

ஐந்தாவது. நீ வராவிட்டாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன் என்று எழுதத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். எழுத வரவில்லை. அம்மா உனக்காக மேல் அறையை ஒழித்து வைத்திருக்கிறாள். ஆகவே வா என்று எழுதினால் அது அம்மா எழுதுவது போல் ஆகிவிடும்.

இந்தச் சுவர் இப்போது ஜன்னல் சட்டம் வரை நிறம் மாறியிருக்கிறது. அம்மாவின் கட்டிலை எதிர்ப்பக்கம் நகர்த்திப் போட்டுவிட்டேன். நேற்று நானே விரலால் தட்டிக் காதை வைத்துப் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்கிறது. எது நனைந்தது, எது உலர்ந்தது என்று நீ பக்கத்தில் நின்று சொன்னால் தெரியும். சொல்லி முடிக்கும்வரை நான் குறுக்கே பேச மாட்டேன். நாடகத்துக்கு வருவது உன் இஷ்டம். வீட்டுக்கு வா. தமயந்தியையும் அழைத்துக்கொண்டு வா. நீங்கள் இருவரும் தீர்க்காயுசாக, உலர்ந்த வீட்டில், நன்றாக இருக்க வேண்டும்.

மறுபடி முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். மேலே பட்டியலில் மூன்றாவதாக எழுதியிருப்பது தவறு, பார்த்தா. அதை அடித்துவிட்டுப் படி.

உன் அப்பா,
சௌந்தரராஜன்